வீட்டுத் தானியக்க மையம் தொடங்க மறுக்கும்போது: படிமுறையாகப் பிழை காணல்

க.பொ.த. (சாதாரண தரம்) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – விளக்கக் கட்டுரை



கணினி தொடங்கும் செயன்முறையை நீங்கள் பாடநூலில் கற்றிருப்பீர்கள். மின் வழங்கப்பட்டதும் தற்சோதனை நடைபெறும், பின்னர் பணிசெயல் முறைமை நினைவகத்திற்கு ஏற்றப்படும், அதன் பின்னரே பிரயோக மென்பொருள்கள் இயங்கும் என ஒழுங்காக ஒப்புவிக்கும் மாணவர்கள் பலர். ஆயினும் "மின் தடைப்பட்டு மீண்டும் வந்த பின்னர் ஒரு சாதனம் தொடங்கவில்லை. காரணத்தை எவ்வாறு கண்டறிவீர்?" என வினவினால், அதே மாணவர்கள் "வைரஸ்" என்றோ "பழுதடைந்துவிட்டது" என்றோ எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். மனப்பாடம் செய்த ஒழுங்கைப் பயன்படுத்தத் தெரியாமையே இதற்குக் காரணமாகும்.

இக்கட்டுரையில் வீட்டுத் தானியக்க மையம் ஒன்றை உதாரணமாகக் கொண்டு அந்த ஒழுங்கைப் பயன்படுத்தும் முறையை நோக்குவோம். இதனைக் கற்றபின் நீங்கள்,

– ஒரு சாதனம் தொடங்கும் படிகளை வரிசைப்படுத்தவும்,
– எப்படியில் அது நின்றுவிட்டது என்பதை அறிகுறிகளிலிருந்து கூறவும்,
– தரவு இழப்பின்றித் திருத்தும் முறையை விளக்கவும்

கூடியவராக இருப்பீர்கள்.

1. வீட்டுத் தானியக்க மையம் என்றால் என்ன?

மின்குமிழ், நீர்ப்பம்பி, கதவு உணரி, அசைவு உணரி, வெப்பநிலை உணரி ஆகியவற்றை ஒன்றிணைத்து, முன்னரே கொடுக்கப்பட்ட விதிகளுக்கு ஏற்ப அவற்றை இயக்கும் சிறிய கணினியே வீட்டுத் தானியக்க மையம் ஆகும். "மாலை 6 மணிக்குப் பின்னர் முற்றத்தில் அசைவு ஏற்பட்டால் முற்றத்து விளக்கை எரியச் செய்" என்பது அத்தகைய விதி ஒன்றாகும். இங்கு அசைவு உணரி உள்ளீடு, மையம் செயற்பாடு, விளக்கு வெளியீடு. உள்ளீடு – செயற்பாடு – வருவிளைவு பற்றிய வினாவுக்கு இது சிறந்த உதாரணம் என்பதைக் குறித்துக் கொள்க.

சந்தையில் பல வகை மையங்கள் உள்ளன. நாம் உதாரணமாகக் கொள்வது "ராஸ்பெரி பை 4" என்னும் ஒற்றைப் பலகைக் கணினியில் "ஹோம் அசிஸ்டன்ட்" மென்பொருள் இயங்கும் மையத்தையாகும். ராஸ்பெரி பை ஐக்கிய இராச்சியத்தில் உருவாக்கப்பட்டு 2012 இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதன் நான்காம் மாதிரி 2019 இல் வெளியாகியது. ஹோம் அசிஸ்டன்ட் 2013 இல் தொடங்கப்பட்ட திறந்த மூல மென்பொருளாகும். பைதன் மொழியில் எழுதப்பட்டது. இதில் வன்தட்டு இல்லை. பணிசெயல் முறைமை, விதிகள், பதிவுகள் யாவும் நகவளவுள்ள ஓர் எஸ்.டி. அட்டையிலேயே பெரும்பாலும் சேமிக்கப்படுகின்றன. இதனை மறவாதீர்கள், பின்னர் தேவைப்படும்.

2. தொடங்கும் செயன்முறையின் ஐந்து படிகள்

படி 1 – மின்: மின்வழங்கியிலிருந்து 5 வோல்ற்று அளவிலான மின் பலகைக்கு வருகிறது.

படி 2 – நிலைபொருள்: பலகையிலுள்ள சில்லில் நிரந்தரமாகப் பதியப்பட்ட சிறு செய்நிரல் முதலில் இயங்கி, தொடக்கிச் செய்நிரலை அழைக்கிறது. ராஸ்பெரி பை 4 இல் இத்தொடக்கி பலகையிலுள்ள தனிச் சில்லிலேயே இருக்கிறது. முந்திய மாதிரிகளில் அது எஸ்.டி. அட்டையிலிருந்து வாசிக்கப்பட்டது.

படி 3 – பணிசெயல் முறைமை: எஸ்.டி. அட்டையிலிருந்து தொடக்கக் கோப்புகளும் லினக்ஸ் கருவும் நினைவகத்திற்கு ஏற்றப்படுகின்றன.

படி 4 – பிரயோக மென்பொருள்: முதலில் மேற்பார்வை மென்பொருள் தொடங்குகிறது. அது ஹோம் அசிஸ்டன்டின் மையப் பகுதியைத் தொடக்குகிறது. மையப் பகுதி விதிகளையும் அமைப்புக் கோப்புகளையும் வாசிக்கிறது.

படி 5 – வலையமைப்பு: மையம் வீட்டிலுள்ள ரவுட்டரிடமிருந்து ஐ.பி. முகவரியைப் பெறுகிறது. கைத்தொலைபேசியிலோ கணினியிலோ உள்ள இணைய உலாவியில் அதன் பக்கம் தோன்றுகிறது.

விளங்குவதற்காக இதனை ஐந்தாவதாகக் கூறினோம். உண்மையில் முகவரி பெறும் வேலை நான்காம் படியுடன் சேர்ந்தே நடைபெறும். எனினும் பாவனையாளரின் கண்ணுக்குத் தெரிவது இப்படியே. ஐந்தில் எது தவறினாலும் அவர் காண்பது ஒரே காட்சிதான்: பக்கம் திறக்கவில்லை. எனவே "தொடங்கவில்லை" என்பது ஒரு நோயின் பெயரன்று. அது காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் மருந்து கொடுத்தால் என்ன நேரும் என்பதை அடுத்த பகுதி கூறும்.

3. ஒரு சம்பவம்

இது எனது சொந்த அனுபவம். நான் கலைப் பட்டதாரி. கணினியைப் பல்கலைக்கழகத்தில் கற்றவன் அல்லன். வகுப்புக்காகப் படித்து, படித்ததை வீட்டிற் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டவன். எனது தாயார் ஊரில் பழைய வீட்டில் இருக்கிறார். குளியலறை முற்றத்தைத் தாண்டிக் கிணற்றடிக்கு அருகில் உள்ளது. அவர் இரவில் எழுந்து சென்றால் முற்றத்து விளக்குத் தானாக எரியும் வகையில் ஒரு மையத்தைப் பொருத்திக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் அது நன்றாக வேலை செய்தது. "இனி இது எதற்கு?" என்று சுவரில் இருந்த பழைய ஆளியையும் மின் வேலை செய்பவரைக் கொண்டு கழற்றுவித்தேன். எனது முதற் பிழை அது.

2025.02.09 ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின் தடைப்பட்டது. பல மணி நேரத்தின் பின்னரே மின் வந்தது. வீட்டு மின்குமிழ்கள் எரிந்தன. மையம் மட்டும் எழவில்லை. அன்றிரவு அம்மா ரோர்ச்சுடன் கிணற்றடிக்குப் போகும்போது படியில் கால் இடறிக் கணுக்கால் பிரண்டுவிட்டது. தொலைபேசியில் "அது ஒன்றுமில்லை, நீ வகுப்பை விட்டுவிட்டு வராதே" என்றார். மறுநாட் காலை போய்ப் பார்த்தபோது கால் வீங்கியிருந்தது.

பதற்றத்தில் நான் செய்தது இதுதான். "மின் போனால் எஸ்.டி. அட்டைதான் பழுதாகும்" என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. அட்டையைக் கழற்றி மடிக்கணினியில் இட்டேன். "இத்தட்டைப் பயன்படுத்துவதற்கு முன் வடிவமைக்க வேண்டும்" என்ற கருத்தில் விண்டோஸ் ஒரு செய்தியைக் காட்டியது. அட்டை கெட்டுவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என எண்ணி, ஆம் என்று அழுத்தினேன். பின்னர் மென்பொருளைப் புதிதாக அட்டையில் எழுதி, மையத்தில் இட்டு, மின்னைக் கொடுத்தேன். அப்பொழுதும் அது எழவில்லை.

அதன் பின்னரே பலகையை உற்று நோக்கினேன். நிலையாக எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. பழுதானது அட்டையன்று, சார்ஜர். வேறொரு சரியான சார்ஜரை இட்டதும் சில நிமிடங்களில் மையம் எழுந்தது. ஆனால் வெறுமையாக எழுந்தது. இரண்டு ஆண்டுகளாக எழுதிய விதிகள் அனைத்தையும் நானே அழித்துவிட்டேன். காப்புப்பிரதியும் அந்த அட்டையிலேயே இருந்தது. அவற்றை மீள எழுத மூன்று வார இறுதிகள் எடுத்தன.

விண்டோஸ் ஏன் அவ்வாறு கேட்டது? அட்டையிலுள்ள பகுதிகளிற் பல லினக்ஸ் கோப்பு முறைமையில் அமைந்தவை. விண்டோஸ் அவற்றை இயல்பாக வாசிக்க மாட்டாது. தனக்கு விளங்காத பகுதியை அது வடிவமைக்கப்படாதது எனக் கருதுகிறது. நன்றாக உள்ள அட்டைக்கும் இதே செய்தி தோன்றலாம். எனவே அச்செய்தி தோன்றினால் "இரத்துச் செய்" என்பதையே அழுத்துக.

இச்சம்பவத்திலிருந்து பெறப்படும் விதி: பிழை எப்படியில் உள்ளது என்று அறியும் முன் எதனையும் அழிக்கக் கூடாது.

4. படிமுறையாகப் பிழை காணல்

4.1 மின்வழங்கல்

முதலில் கண்ணாற் பாருங்கள். பலகையில் இரண்டு ஒளிகாலும் இருவாயிகள் உள்ளன. சிவப்பு மின்வழங்கலையும் பச்சை எஸ்.டி. அட்டையின் வாசிப்பையும் குறிக்கும்.

– சிவப்பு எரியவேயில்லை எனின், மின் வரவில்லை. சுவர்ச் செருகி, வயர், சார்ஜர் என ஒவ்வொன்றாகச் சோதிக்குக.
– சிவப்பு இடைக்கிடை அணைந்து எரிகிறது எனின், வோல்ற்றளவு போதாது. ஏறத்தாழ 4.63 வோல்ற்றிலும் குறையும்போது அவ்விளக்கு அணையுமாறு பலகை அமைக்கப்பட்டுள்ளது.
– சிவப்பு நிலையாக எரிகிறது எனின், அவ்வேளையில் வோல்ற்றளவு அந்த எல்லைக்கு மேல் உள்ளது.

ராஸ்பெரி பை 4 இற்கு 5.1 வோல்ற்று, 3 அம்பியர் மின்வழங்கி பரிந்துரைக்கப்படுகிறது. கைத்தொலைபேசிச் சார்ஜர்களிற் பல 5 வோல்ற்றில் 1 அல்லது 2 அம்பியரையே வழங்கும். அவற்றின் செருகி பொருந்தும். ஆனால் வலு போதாது. மெல்லிய, நீண்ட வயரிலும் வோல்ற்றளவு வீழ்ச்சி ஏற்படும். தொடங்கும் நேரத்தில் செயலி அதிக மின்னோட்டத்தை எடுப்பதால், பலவீனமான சார்ஜரில் மையம் பாதி வழி சென்று மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இவ்வாறு திரும்பத் திரும்பத் தொடங்குதல் மின் குறைபாட்டின் முக்கிய அறிகுறிகளில் ஒன்றாகும்.

யூ.எஸ்.பி. துறைகளில் இணைக்கப்பட்டுள்ள சாதனங்களும் அதே மின்னையே பங்கிடுகின்றன. ஆகவே அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு ஒருமுறை தொடக்கிப் பார்ப்பது நன்று.

கவனிக்க: மையத்துக்கு வருவது 5 வோல்ற்று மட்டுமே. ஆனால் அது கட்டுப்படுத்தும் ஆளிகளிலும் பம்பியிலும் 230 வோல்ற்று உள்ளது. அவற்றை மாணவர்கள் திறக்கக் கூடாது.

4.2 நிலைபொருளும் எஸ்.டி. அட்டையும்

சிவப்பு நிலையாக எரிந்தால் பச்சை விளக்கை நோக்குக. ஒழுங்கின்றி மின்னிக்கொண்டிருந்தால் அட்டை வாசிக்கப்படுகிறது என்பது பொருள். எண்ணக்கூடியவாறு சில தடவை மின்னி, சற்று நின்று, மீண்டும் அதே தடவை மின்னினால் அது ஒரு செய்தியாகும். மேசைக் கணினி "பீப்" ஒலி எழுப்பித் தனது பிழையைக் கூறுவது போன்றதே இது.

– 3 தடவை: தொடங்க முடியவில்லை என்னும் பொதுப் பிழை.
– 4 தடவை: தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை.
– 7 தடவை: லினக்ஸ் கருக் கோப்பு கிடைக்கவில்லை.
– 8 தடவை: நினைவகப் பிழை.

இங்கு கூறப்பட்டவை யாவும் குறுகிய மின்னல்கள். நீண்ட மின்னல்களும் கலந்து வரும் குறியீடுகள் வேறு பிழைகளைக் குறிக்கும். 4, 7 ஆகியன அட்டையில் பிழை இருக்கலாம் எனக் காட்டுகின்றன. 8 பலகையின் பிழையாகும். அட்டையை எத்தனை முறை அழித்து எழுதினாலும் அது தீராது. தொலைக்காட்சி அல்லது திரை ஒன்றை இணைத்தால் தொடக்கி எழுதும் செய்திகளையும் வாசிக்கலாம். விளக்குகளை எண்ணுவதைவிட அது தெளிவானது.

மின் தடையால் அட்டை ஏன் பழுதாகிறது? அட்டையில் தரவு எழுதப்படும்போது ஒரு தொகுதி அழிக்கப்பட்டுப் புதிய தரவு எழுதப்படுகிறது. அந்த வேளையில் மின் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் முழுமையில்லை என்ற நிலை உருவாகும். கொப்பியில் ஒரு வரியை அழித்துவிட்டு மீள எழுதும்போது ஒருவர் கொப்பியைப் பறித்தது போன்ற நிலை அது. ஹோம் அசிஸ்டன்ட் உணரிகளின் பெறுமானங்களை இடைவிடாது தரவுத்தளத்தில் எழுதுவதால், மின் நிற்கும் கணத்தில் எழுதுதல் நடைபெற்றுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அத்துடன் அட்டையின் ஒவ்வொரு பகுதியையும் குறித்த எண்ணிக்கையான தடவைகளே அழித்து எழுதலாம். ஆகவே அட்டை காலப்போக்கில் தேய்வதும் உண்டு.

சோதிக்கும் முறை "மாற்றிப் பார்த்தல்" ஆகும். பழைய அட்டையைப் பத்திரமாக எடுத்து வைக்குக. வேறொரு புதிய அட்டையில் மென்பொருளை எழுதி மையத்தில் இடுக.

– புதிய அட்டையுடன் தொடங்கினால் பலகையும் மின்னும் சரி. பிழை பழைய அட்டையில் அல்லது அதிலுள்ள மென்பொருளில் உள்ளது.
– புதிய அட்டையுடனும் தொடங்காவிட்டால் பிழை பெரும்பாலும் மின்னில் அல்லது பலகையில் உள்ளது. பழைய அட்டை குற்றமற்றதாக இருக்கலாம்.

இரண்டில் எது நேர்ந்தாலும் பழைய தரவு அப்படியே இருக்கிறது. நான் அன்று இதனைச் செய்திருந்தால் ஒரு புதிய அட்டையின் விலை மட்டுமே செலவாகியிருக்கும்.

4.3 பணிசெயல் முறைமை

திரையில் எழுத்துகள் ஓடி இடையில் நின்றுவிட்டால் இறுதி வரிகளைக் கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக் கொள்க. எப்பகுதி தொடங்க முயன்று தவறியது என்பது அங்கே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

ஹோம் அசிஸ்டன்டின் பணிசெயல் முறைமை அட்டையில் இரண்டு இடங்களை வைத்திருக்கிறது. ஒன்றிலிருந்து இயங்கும்போது, புதிய பதிப்பு மற்றையதில் எழுதப்படுகிறது. புதிய பதிப்பு தொடங்கத் தவறினால் பழைய இடத்திற்குத் திரும்ப முடியும். ஆகவே மேம்படுத்தலின் பின்னர் முதற் தடவை தொடங்கவில்லை என்றவுடன் அழிக்க முற்படாது, மீண்டும் தொடக்கிப் பார்க்க இடமளிக்க வேண்டும்.

பொறுமையும் ஒரு கருவியே. புதிதாக எழுதிய அட்டை முதற் தடவை தொடங்கும்போது மேலதிகக் கோப்புகளை இணையத்திலிருந்து பதிவிறக்கம் செய்யும். இணைய வேகம் குறைந்த இடத்தில் இதற்கு 20 நிமிடம் வரையிலோ அதற்கு மேலோ செல்லலாம். "நின்றுவிட்டது" என எண்ணி இடையில் மின்னைப் பிடுங்குவோர், இல்லாத பிழையைத் தாமே உண்டாக்குகின்றனர்.

4.4 பிரயோக மென்பொருள்

பணிசெயல் முறைமை இயங்கியும் பக்கம் திறக்காதிருக்கலாம். உலாவியில் மையத்தின் ஐ.பி. முகவரியை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, 8123 என எழுதினால் வழமையான பக்கம் திறக்க வேண்டும். அது திறக்காவிட்டால் 8123 இற்குப் பதிலாக 4357 என எழுதிப் பார்க்குக. இது கண்காணிப்புப் பக்கமாகும். 4357 திறந்து, மேற்பார்வை மென்பொருள் நலமாக உள்ளது எனக் காட்டினால், முதல் மூன்று படிகளும் வலையமைப்பும் சரி. பிழை மையப் பகுதியிலேயே உள்ளது. ஒரே ஒரு சோதனையால் சந்தேகத்தின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது என்பதைக் கவனிக்குக.

மையப் பகுதி தொடங்காமைக்குப் பொதுவான காரணங்கள் மூன்று.

(i) அமைப்புக் கோப்பிற் பிழை: இக்கோப்பு "யமல்" எனும் வடிவில் எழுதப்படுவது. இதில் வரியின் தொடக்கத்திலுள்ள வெற்றிடங்களின் எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. ஒரு வெற்றிடம் கூடினாலும் குறைந்தாலும் பொருள் மாறும். "டாப்" சாவியைப் பயன்படுத்தினால் பிழையாகும். அமைப்பை வாசிக்க முடியாதபோது மென்பொருள் மீட்பு நிலையில் தொடங்கி, திருத்துவதற்கு வழிவிடும். திருத்திய பின், மீளத் தொடக்கும் முன்னரே சோதனைக் கட்டளையை இயக்கிப் பார்க்கலாம்.

(ii) தரவுத்தளப் பிழை: தரவுத்தளம் சிதைந்திருந்தால் மென்பொருள் அதன் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றைத் தொடங்கும். பழைய வரைபுகள் மறையும், விதிகள் மறையா. ஏனெனில் விதிகள் வேறு கோப்புகளில் உள்ளன.

(iii) இடமின்மை: அட்டை நிரம்பிவிட்டால் எழுத இடமில்லாமல் மென்பொருள் தடுமாறும். பழைய காப்புப்பிரதிகள் பல அட்டையிலேயே தேங்கியிருத்தல் இதற்கு வழமையான காரணமாகும்.

4.5 வலையமைப்பு

மையம் நன்றாக இயங்கிக்கொண்டிருக்க, நாம் பிழையான முகவரியில் தேடிக்கொண்டிருக்கவும் கூடும். மின் தடைக்குப் பின்னர் ரவுட்டரும் மையமும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ரவுட்டர் மையத்துக்குப் புதிய ஐ.பி. முகவரியைக் கொடுத்திருக்கலாம். கைத்தொலைபேசியிற் சேமித்த பழைய முகவரி அப்போது பயன்படாது. ரவுட்டரின் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பார்த்துப் புதிய முகவரியை அறிக. மையத்துக்கு ஒரு முகவரியை ரவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இப்பிரச்சினை மீண்டும் எழாது.

இன்னொன்று: ராஸ்பெரி பை 4 இல் மின்கலத்துடன் கூடிய கடிகாரம் இல்லை. மின் வந்ததும் இணையத்திலிருந்தே அது சரியான நேரத்தைப் பெறுகிறது. இணைய இணைப்பு வரத் தாமதித்தால் நேரம் பிழையாக இருக்கும். நேரத்தை நம்பியுள்ள விதிகளும் பிழையாக நடக்கும். இது தொடங்கும் பிழையன்று. ரவுட்டர் இணைந்ததும் தானாகச் சீராகும்.

5. வராமற் காத்தல்

(அ) பரிந்துரைக்கப்பட்ட வலுவுள்ள மின்வழங்கியைப் பயன்படுத்துக. இயலுமாயின் மையத்தையும் ரவுட்டரையும் தடையில்லா மின்வழங்கி ஒன்றுடன் இணைக்குக. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் வெட்டப்பட்ட நாட்களை நீங்கள் சிறுவர்களாகக் கண்டிருப்பீர்கள். அவ்வளவு நேரத்துக்குச் சிறிய தடையில்லா மின்வழங்கி தாங்காது. எனினும் மையத்தை முறைப்படி நிறுத்துவதற்குரிய சில நிமிடங்களை அது தரும். சேதத்தைத் தடுப்பது அந்தச் சில நிமிடங்களே.

(ஆ) காப்புப்பிரதியை மையத்திற்கு வெளியே வைத்திருக்குக. அட்டையிலுள்ள காப்புப்பிரதி அட்டையுடன் போய்விடும். காப்புப்பிரதி மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அதன் திறவுகோலையும் வேறிடத்தில் எழுதி வைக்க வேண்டும். திறவுகோல் இல்லாத காப்புப்பிரதி பூட்டிய பெட்டிக்குச் சமம்.

(இ) அதிகம் எழுதப்படும் மையத்துக்கு எஸ்.டி. அட்டைக்குப் பதிலாகத் திண்ம நிலைச் சேமிப்பகம் ஒன்றைப் பயன்படுத்தலாம்.

(ஈ) மையம் இல்லாமலும் வீடு இயங்க வேண்டும். விளக்குக்குச் சுவர் ஆளி இருக்கட்டும். தானியக்கம் மனிதருக்கு உதவியாக அமைய வேண்டுமேயன்றி, அவருக்கிருந்த ஒரே வழியை அடைப்பதாக அமையக் கூடாது. எங்கள் வீட்டு முற்றத்தில் நான் முதலிற் திருத்தியது மையத்தையன்று. கழற்றிய ஆளியை மீண்டும் பொருத்துவித்தேன்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: ஒரு வீட்டின் தானியக்க மையம் மின் தடையின் பின்னர் தொடங்கவில்லை. சிவப்பு விளக்கு நிலையாக எரிகிறது. பச்சை விளக்கு நான்கு குறுகிய தடவைகள் மின்னி, சற்று நின்று, மீண்டும் அவ்வாறே மின்னுகிறது.

(1) மின்வழங்கல் பற்றி யாது கூறலாம்?
(2) செயன்முறை எப்படியில் நின்றுள்ளது?
(3) நீர் முதலிற் செய்யும் சோதனை யாது? அதன் பெறுபேற்றிலிருந்து யாது முடிவு செய்வீர்?
(4) "உடனே அழித்துப் புதிதாக எழுதுங்கள்" என வீட்டுக்காரர் கூறுகிறார். உமது பதிலைக் காரணத்துடன் தருக.

விடை:

(1) அவ்வேளையில் வோல்ற்றளவு எல்லைக்கு மேல் உள்ளது. எனினும் செயலி அதிக மின்னோட்டத்தை எடுக்கும்போதும் அது போதுமானது என இதனால் மட்டும் உறுதி கூற முடியாது.

(2) தொடக்கி இயங்குகிறது. தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை. எனவே பணிசெயல் முறைமை ஏற்றப்படுவதற்கு முன்னர், எஸ்.டி. அட்டையை வாசிக்கும் கட்டத்தில் நின்றுள்ளது.

(3) பழைய அட்டையை எடுத்து வைத்துவிட்டுப் புதிய அட்டையில் மென்பொருளை எழுதிச் சோதித்தல். தொடங்கினால் பிழை பழைய அட்டையில் அல்லது அதன் உள்ளடக்கத்தில் உள்ளது. தொடங்காவிட்டால் பலகையையும் மின்வழங்கியையும் சோதிக்க வேண்டும்.

(4) உடன்படேன். பிழையுள்ள இடம் இன்னும் உறுதியாகவில்லை. அழித்தால் தரவு மீளாது. பிழை வேறிடத்தில் இருந்தால் மையமும் தொடங்காது. முதலிற் பழைய அட்டையைப் பாதுகாத்து, வெளியே காப்புப்பிரதி உள்ளதா என அறிந்த பின்னரே அழிப்பது பற்றித் தீர்மானிக்க வேண்டும்.

மாணவர்கள் விடும் தவறுகள்: (1) இல் "மின்வழங்கல் முற்றிலும் சரி" என எழுதுதல், (3) இல் சோதனையை மட்டும் எழுதி முடிவைக் கூறாது விடுதல், (4) இல் காரணம் தராது "இல்லை" என்று மட்டும் எழுதுதல். சோதனையும் அதன் முடிவும் சேர்ந்தே முழுமையான விடையாகும்.

7. நினைவிற் கொள்க

– மின், நிலைபொருள், பணிசெயல் முறைமை, பிரயோக மென்பொருள், வலையமைப்பு என்ற ஒழுங்கில் நோக்குக.
– முதலிற் கண்ணாற் பார்க்குக. பின்னரே கையால் தொடுக.
– ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.
– செய்தவற்றை வரிசையாக எழுதி வைக்குக.
– மீளப் பெற முடியாத செயலை இறுதிக்கு விடுக.

மாணவர்களே, பரீட்சைத் தாளில் ஒரு விடையை முழுவதும் வெட்டிவிட்டுப் பின்னர் அதுவே சரி என உணர்ந்து வருந்தியோர் உங்களில் இருப்பீர்கள். அழிப்பது ஒரு கணம்; மீள எழுத நேரம் இராது. மையத்தின் முன் இருந்தாலும் வினாத்தாளின் முன் இருந்தாலும், எங்கே நின்றது என்பதை முதலில் அறிந்து, பின்னர் கையை நீட்டுங்கள். இம்மாதிரி வினாவுக்குரிய விடையைப் புத்தகத்தை மூடிவிட்டு ஒருமுறை எழுதிப் பார்த்து, மேலுள்ள விடையுடன் ஒப்பிடுக.